விண்கப்பலுக்குக் குரல் கொடுத்தவர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விண்கப்பல் வந்த வருடம் நான் மிகவும் களைத்திருந்தேன். அதற்கு முந்தைய வருடங்களிலும் களைப்பு இருந்ததுதான். ஆனால் அது படுத்து எழும்பினால் குறைந்துவிடும். அந்த வருடம் குறையவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு நேற்றுப் பின்னேரம் இருந்த நிலையிலேயே இருந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில். மட்டக்குளி பஸ்ஸில் ஏறிவிட்டால் இடையில் மாறத் தேவையில்லை என்பது ஒன்றே ஆறுதல். மற்றப்படி அந்த பஸ் கொழும்பில் இருக்கிற ஒரு சந்தியையும் சும்மா விடாது. எனக்கு நாலாம் வகுப்பு, நாற்பதுக்குக் கிட்டப் பிள்ளைகள். பின்னேரம் வீடு திரும்பினால் டியூஷன் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் போனபிறகு கொப்பிகள் திருத்த வேண்டும்.

என் கணவர் அப்போது வேலையில்லாமல் இருந்தார். கொள்ளுப்பிட்டியில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கலியாணத்துக்கு முன்பிருந்தே கணக்குப் பார்த்தவர். நாடு நொடித்துப்போன வருடத்தில் கம்பெனியையும் பூட்டிவிட்டார்கள். முதல் சில மாதங்கள் சேர்ட்டை ஸ்திரிபோட்டு உடுத்திக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போய் வந்தார். எல்லா இடத்திலும் மரியாதையாகக் கதைத்தார்களாம், தேத்தண்ணி கொடுத்தார்களாம். பிறகு போவதை நிறுத்திவிட்டார். சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நல்லாகவே சமைத்தார். ஆனால் கதை குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து அவருடைய தமையன் ஃபோன் எடுப்பார். "என்ன மாதிரி, ஏதும் சரிவந்ததோ?" என்பதுதான் முதல் கேள்வி. இவர் "பாப்பம்" என்று சொல்லி ஃபோனை என்னிடம் தந்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் விண்கப்பல் வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து அனுப்பியது. அவர்களில் ஒருவருடைய பிள்ளை அங்கே ஆரம்பப் பள்ளியில் அப்படியொன்றில் ஏறி விளையாடிப் படித்திருக்கிறது. தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. பெரிய பெரிய பெட்டிகளில் வந்து இறங்கியது. மேடைக்குப் பின்னால் உடைந்த கதிரைகளும் நத்தாருக்குக் கட்டுகிற பாலன் குடில் சாமான்களும் போட்டு வைத்திருந்த அறையைத் துப்புரவாக்கினார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டு, உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும், நீங்கள்தான் பொறுப்பு என்றார். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கொரோனாக் காலத்தில் கையடக்கத் தொலைபேசியில் பாடம் அனுப்பியது மட்டும்தான். அதைச் சொல்லி மறுப்பதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பொருத்திக் கொடுக்க வந்த சிங்களப் பெடியன் கெட்டிக்காரன். அந்த அறை ஆளே மாறிப்போனது. முன்சுவர் முழுவதும் திரை; அதுதான் கப்பலின் கண்ணாடி, அதில் நட்சத்திரங்கள் நகரும். அரைவட்டமாகச் சின்ன மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை, சில பொத்தான்கள். தரைப் பலகைக்கு அடியில் பெரிய ஒலிபெருக்கி. கப்பல் கிளம்பும்போது பாதத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் அதிரும். ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகள் ஏறலாம். கப்டன், ஓட்டுபவர், வழி பார்ப்பவர், எஞ்சினியர், தொடர்பு, டொக்டர் என்று ஆளுக்கொரு வேலை. மற்றப் பிள்ளைகள் வெளியே வகுப்பில், பக்கத்து வகுப்பு ஆசிரியையின் பார்வையில், தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். கப்பல் சும்மா பறக்காது. எரிபொருள் எவ்வளவு, எத்தனை பேருக்குக் காற்று மிச்சம், எந்தப் பக்கம் திரும்பினால் எவ்வளவு தூரம் என்று கணக்குச் செய்து கொடுத்தால்தான் நகரும்.

அறையின் பின்பக்கத்தை ஒட்டுப்பலகையால் தடுத்து ஒரு சின்ன மறைவிடம் செய்திருந்தார்கள். அதற்குள் ஒரு கதிரை, ஒரு மைக், பிள்ளைகளைக் காட்டும் ஒரு திரை. பயணத்தை நடத்துகிறவர் அங்கேதான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவர் தெரிய மாட்டார். அவருடைய குரல் மட்டும் கப்பலுடைய குரலாகக் கேட்கும். ஆபத்தைக் கொண்டுவருவதும் வழியைச் சொல்லுவதும் அவர்தான்.

பயணங்களுக்கான வசனங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்திருந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு அது சரிவராது. ஒரு பயணத்துக்கு உரிய தாள்களைத் தமிழாக்க வீட்டுக்குக் கொண்டு போனேன். டியூஷன் முடிந்து மேசையில் விரித்து வைத்து, முதல் பக்கத்தில் பாதி எழுதியிருப்பேன். அப்படியே மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை பார்க்கும்போது, என் கணவர் கணக்கு எழுதுகிற அந்தச் சின்ன, நேரான கையெழுத்தில் முழுவதும் தமிழில் எழுதி முடித்திருந்தது. நான் 'எரிபொருள் தாங்கி' என்று எழுதியிருந்த இடத்தை வெட்டி 'எண்ணெய்த் தொட்டி' என்று மாற்றியிருந்தார். பிள்ளைகளுக்கு எது விளங்கும் என்று என்னைவிட அவர் யோசித்திருக்கிறார். நான் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். அவர் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் பயணத்தை நானே நடத்திப் பார்த்தேன். மறைவிடத்தில் நான், உள்ளே பிள்ளைகள் தனியாக. கிளம்பி நிமிர்வதற்குள் ஓட்டுகிற கதிரைக்காக இரண்டு பெடியங்கள் அடிபட்டார்கள். தரை அதிர்ந்ததும் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. நான் மைக்கை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன், கப்பல் ஊமையாகிவிட்டது. திரும்பி மைக்குக்கு ஓடினேன். பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். மற்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவரவர் வகுப்பு இருந்தது.

அன்று பின்னேரம் என் கணவரிடம் கேட்டேன். இரக்கப்பட்டோ அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்தோ கேட்கவில்லை. எனக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"நான் அங்க வந்து என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

"நீங்கள் எழுதினதை வாசிச்சாப் போதும்."

அதிபர் சம்மதித்தார். பெற்றோர் வந்து சுவருக்கு நிறம் பூசுகிறார்கள், சிரமதானம் செய்கிறார்கள், இதுவும் அப்படித்தானே என்றார். போகிற அன்று காலை என் கணவர் நீண்ட நாளைக்குப் பிறகு ஸ்திரிப்பெட்டியை எடுத்தார். பிள்ளைகள் காணக்கூடாது என்பதற்காகப் பக்கச் சுவரில் இருந்த சின்னப் படலையால் வந்து, மணி அடிப்பதற்கு முதலே ஒட்டுப்பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் உள்ளே பிள்ளைகளோடு இருட்டில் ஒரு மூலையில் நின்றேன். விளக்குகள் அணைந்து நீல வெளிச்சம் வந்தது. பிறகு அவருடைய குரல் வந்தது. "வணக்கம் கப்டன். நான் உங்கட கப்பல். நீங்கள் சொன்னாப் போவம்."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்தது. கலியாணம் பேசி முடித்திருந்த காலத்தில், சந்திக் கடையிலிருந்து ஃபோன் எடுத்து என்னோடு கதைத்த குரல். அதன்பிறகு அது எங்கே போனதென்று நான் தேடியதில்லை. தேடுகிற அளவுக்கு எங்களுக்கு நேரமும் இருக்கவில்லை. எண்ணெயைப் பிரிக்கிற கணக்கில் எஞ்சினியர் பெடியன் பிழைவிட்டான். மறுபடியும் பிழைவிட்டான். மற்றவர்கள் கத்தினார்கள். கப்பல் சொன்னது: "ஆறுதலாப் பாருங்கோ. எனக்கு அவசரம் இல்லை." பெடியன் மூச்சை இழுத்து விட்டு, விரலை மடக்கி எண்ணி, சரியான விடையைக் கொடுத்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆறுதலாகப் பார், அவசரமில்லை என்று யாராவது எனக்கும் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு கிழமையில் இரண்டு நாள் அவர் என்னோடு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவோம். கொட்டாஞ்சேனை கிட்டக் கிட்ட வெள்ளைச் சீருடைகள் ஏறத் தொடங்கும். உடனே அவர் வாயை மூடிவிடுவார். பிள்ளைகள் குரலை அடையாளம் கண்டுவிடுவார்களாம். கொண்டக்டர் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டால் கையால்தான் காட்டுவார். ஒருநாள் கொண்டக்டர் என்னிடம் சிங்களத்தில், பாவம், பிறந்ததிலிருந்தே இப்படியா என்று கேட்டான். நான் ஓம் என்றேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் சாப்பிடும்போது கப்பல் கதைதான். சனிக்கோளைச் சுற்றியிருக்கும் வளையம் எதனால் ஆனது என்று வாசித்து வைத்திருப்பார். எனக்குச் சோறு வாயில் இருக்கும்போதே கண் சொருகும். ஓட்டுகிற பெடியன் ஏன் திரையில் இடது பக்கம் காட்டினால் வலது பக்கம் திருப்புகிறான், அவனுக்குக் கண் பார்வை சரியோ என்று கேட்பார். நான் நாலு மாதமாகப் படிப்பித்த பெடியன். எனக்கு அது தோன்றவில்லை. தாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணாடி போட்டார்கள்.

பிள்ளைகளில் அவருக்குப் பிடித்தவள் முதல் குழுவின் டொக்டர். மற்றவர்களுக்கு வேலை ஓயாமல் இருக்கும். டொக்டருக்கு ஒன்றுமே இராது. அந்தக் கப்பலில் ஒருவருக்கும் காய்ச்சலோ வருத்தமோ வருவதில்லை. அந்த வேலை வேண்டாம் என்று எல்லாரும் ஒதுங்க, கடைசியில் மெலிந்த ஒரு பிள்ளைக்கு அது கிடைத்தது. அவளுடைய தகப்பன் கட்டாரில். இரண்டு வருடமாக அவள் தகப்பனை ஃபோனில் மட்டும்தான் அறிவாள். வகுப்பில் கேட்டால்கூட வாய் திறக்கமாட்டாள். கப்பலில் எல்லோருடைய மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்து, சுகமா என்று விசாரித்து முடித்துவிட்டு, ஒருநாள் கூரையைப் பார்த்துக் கேட்டாள்: "கப்பல், நீங்க சாப்பிட்டீங்களா?"

ஒட்டுப்பலகைக்குப் பின்னால் கொஞ்சம் தடுமாற்றம். பிறகு, "ஓம். காலமை இடியப்பம், சொதி" என்று பதில் வந்தது. கப்பல் இடியப்பம் சாப்பிடும் என்ற செய்தி இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிட்டது.

இதனால் பிள்ளைகள் பெரிதாகப் படித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வகுத்தல் வந்தது. தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள கணக்கு, புத்தகத்தில் எத்தனை தடவை சொல்லியும் ஏறாத சிலருக்கு ஏறியது. ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கேட்க வேண்டும் என்பது கப்பலுக்குள் மட்டும் விளங்கியது. வகுப்புக்கு வந்ததும் மறந்துவிட்டார்கள். சோதனைப் புள்ளிகள் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தன. அடுத்த வருடம், ஐந்தாம் வகுப்பில், புலமைப்பரிசில் பரீட்சை. தாய்மார் படலையில் என்னை மறித்தார்கள். டீச்சர், அந்த நேரத்துக்கு ரெண்டு வினாத்தாள் செய்விக்கலாமே என்றார்கள். அவர்களோடு வாக்குவாதம் செய்ய எனக்குத் திராணி இல்லை. அவர்கள் சொன்னது முழுப் பிழை என்றும் நான் நினைக்கவில்லை.

அதிபருக்குப் பயம் வந்துவிட்டது. கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டுவோம், அவர்கள் நல்லது என்று சொல்லிவிட்டால் பெற்றோரும் அடங்குவார்கள் என்றார். அன்றைக்கென்று ஒரு பயணத்தையும் தெரிந்தெடுத்தோம். செவ்வாய்க் கோளில் இருப்பவர்களுக்கு மருந்து கொண்டு போக வேண்டும். வழியில் ஒரு சின்னக் கப்பல் எண்ணெய் முடிந்து நிற்கும், உதவி கேட்கும். வந்திருந்த தாள்களின்படி, அதன் செய்தியை வேறொரு கப்பலுக்கு அறிவித்துவிட்டுத் தங்கள் பாதையில் போவதுதான் சரியான முடிவு. போய்ச் சேர்ந்தால் திரையில் வாணவேடிக்கை வரும், கைதட்டல் கேட்கும். அதிகாரிகள் முன்னால் அந்தக் கைதட்டல் கேட்க வேண்டும் என்று அதிபர் கண்டிப்பாகச் சொன்னார். நான் முதல் குழுவின் கப்டன் பிள்ளையைக் கூப்பிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அவள் பெரிய குரல்காரி. சரி டீச்சர் என்றாள்.

அன்று நல்ல வெக்கை. அறைக்குள் பிளாஸ்டிக் கதிரை போட்டு, வயதான ஓர் அதிகாரியையும், அவரைவிட இளைய ஒரு பெண் அதிகாரியையும் பின்னால் இருத்தினோம். அதிபர் அவர்களுக்குப் பக்கத்தில். கப்பல் கிளம்பியது. தரை அதிர்ந்தபோது வயதான அதிகாரி கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். எஞ்சினியர் கணக்கு ஒன்றும் பிழைக்கவில்லை. அதிபரின் முகம் தெளிந்தது.

பிறகு சின்னக் கப்பலின் செய்தி வந்தது. கப்டன் நான் சொல்லிக்கொடுத்தபடி, செய்தியை அடுத்த கப்பலுக்கு அனுப்பிவிட்டு நேராகப் போ என்று உத்தரவிட்டாள். ஓட்டுகிற பெடியன், கண்ணாடி போட்டவன், கைபிடியை அசைக்கவில்லை.

"அடுத்த கப்பல் வராட்டி?" என்றான்.

அது வரும் என்று கப்டன் சொன்னாள். வருமென்று உனக்கு யார் சொன்னது என்று அவன் கேட்டான். கப்டன் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். எஞ்சினியர் அவசரமாகக் கணக்குப் போட்டு, நின்று உதவி செய்தால் செவ்வாய்க்குப் போக எண்ணெய் போதாது என்றான். விடை சரி. மருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் செத்துப்போவார்கள் என்றாள் வழி பார்க்கிறவள். இவர்களும்தானே செத்துப்போவார்கள் என்றான் ஓட்டுகிறவன். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

டொக்டர் எழும்பி நின்றாள். அவள் கத்தவில்லை. "கப்பலைக் கேப்போம். போறது கப்பல்தானே" என்றாள். மற்றவர்கள் அடங்கினார்கள். அவள் கூரையைப் பார்த்தாள். "கப்பல், உங்களுக்கு என்ன விருப்பம்?"

தாள்களில் இதற்குப் பதில் இல்லை. ஒலிபெருக்கியில் சின்ன இரைச்சல் மட்டும் வந்தது. பலகைக்குப் பின்னால் கதிரை ஒருதரம் கிரீச்சிட்டது. மைக் பழுதாகிவிட்டதோ என்று நான் கதவுப் பக்கம் போகப் பார்த்தேன். ஆனால் பிள்ளைகள் ஆறு பேரும் அசையாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றுவிட்டேன்.

"இப்பிடி என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றது கப்பல். "கன காலமா."

"இப்ப கேக்குறோம்தானே" என்றாள் டொக்டர்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்குக் கொஞ்சம் நிக்கவேணும் போல இருக்கு. எங்கயும் போகாம, சும்மா. அந்தச் சின்னக் கப்பலுக்குப் பக்கத்தில போய் நிப்பமே?"

கப்டன் இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. "நிப்பாட்டு" என்றாள். ஓட்டுகிறவன் கைபிடியைப் பின்னால் இழுத்தான். தரையின் அதிர்வு அடங்கியது. அந்த அறை அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் கதிரையில் சாய்ந்து முன்னால் நிற்கிற நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். எனக்கும் சுவரோடு சாய்ந்துகொள்ளலாம் போல இருந்தது. சாய்ந்துகொண்டேன். சின்னக் கப்பலுக்கு எண்ணெய் கொடுத்தார்கள். அதில் இருப்பவர்கள் நன்றி சொன்னார்கள். அதையும் அவரேதான், குரலை மாற்றி, தன்பாட்டில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பு எழுத்தில், பயணம் தோல்வி என்று ஆங்கிலத்தில் வந்தது. என்ன எழுதியிருக்கிறது டீச்சர் என்று ஒருவன் கேட்டான். நேரம் முடிந்துவிட்டதாம் என்றேன்.

விளக்கைப் போட்டதும் அதிபரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வயதான அதிகாரி கணக்குப் போட்ட பெடியனைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். பெண் அதிகாரி, பேசியது யார் என்று கேட்டுக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனார். என் கணவர் எழும்பி நின்று மூக்குக்கண்ணாடியைச் சேர்ட்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். மிகவும் நன்றாகச் செய்தீர்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். நான் ஆசிரியர் இல்லை என்று இவர் சொன்னார். அதோடு அந்த அம்மாவின் முகம் மாறியது. கோபமாக அல்ல; இனிக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்கிற மாதிரி.

அவர்கள் விண்கப்பலைக் குறை சொல்லவில்லை. தொடர்ந்து நடத்தலாம் என்றார்கள். பயணம் தோற்றதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் வெளியாள் ஒருவர் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைந்திருந்து அவர்களோடு கதைப்பது ஒழுங்குக்கு மாறானது. ஆசிரியர் ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும். வெளியாள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதுதான் முறை. என் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கி முடியும் வரைக்கும் அவர் வழமைபோல் வாயைத் திறக்கவில்லை. மருதானை கழிந்த பிறகு நான் கேட்டேன்.

"உண்மையா என்ன விருப்பம் உங்களுக்கு?"

அவர் விளையாட்டாகச் சொல்லுகிற மாதிரித் தொடங்கினார். முடிக்கும்போது விளையாட்டு இல்லை. "ஒரு ஆறு மாசத்துக்கு, வேலை கிடைச்சதோ எண்டு ஒருத்தரும் கேக்காம இருந்தாப் போதும். நீர் கேக்கிறேல்லை. ஆனா பின்னேரம் வந்து கதவைத் திறக்கேக்க உம்மட முகம் கேக்குது."

எனக்குக் கோபம் வந்தது. என் முகம் களைத்த முகம்; அது ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்றும் தோன்றியது. பஸ் பம்பலப்பிட்டிக்கு வந்துவிட்டது.

"சரி" என்றேன். "ஆறு மாசம்."

"நீரும் அந்த டியூஷனை ரெண்டு நாளாக் குறையும்" என்றார். "செலவைக் கொஞ்சம் இறுக்கிச் சமைக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தமையனின் ஃபோனை நான் எடுத்தேன். இன்னும் ஆறு மாதத்துக்கு அவரை ஒன்றும் கேட்காதேயுங்கோ அண்ணா, சுகம் மட்டும் விசாரியுங்கோ என்றேன். தமையனுக்குக் கோபம் வந்தது. தம்பியில் அக்கறை இல்லாமலா கேட்கிறேன் என்றார். இரண்டு மூன்று ஞாயிறு எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தார், இருவரும் கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்தார்கள். அண்ணனும் தம்பியும் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

கப்பலுக்கு நானே குரலானேன். சங்கீத ஆசிரியை தன்னுடைய ஓய்வுப் பாடத்தில் உள்ளே நிற்கச் சம்மதித்தார். முதல்நாள் நான் வணக்கம் சொன்னதுமே பிள்ளைகள் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். அது நான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் பயணம் நடந்தது. பிள்ளைகளுக்கு அதொன்றும் இடைஞ்சல் இல்லை. டொக்டர் மட்டும் கேட்டாள், பழைய கப்பல் எங்கே என்று. அதற்கு ஓய்வு கொடுத்திருக்கிறது என்றேன். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். இல்லை, நல்ல சுகமாக இருக்கிறது என்று சொன்னேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் தகப்பன் லீவில் வருகிறாரா என்று கேட்டார். தெரியாது, விசாரித்துச் சொல்லுகிறேன் என்றேன். நத்தார் பண்டிகைக்கென்று அவர் முதலே வந்துவிட்டார். இரண்டு கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

ஆறு மாதம் என்று சொன்னது அதைவிடக் கொஞ்சம் கூடப் போனது. இப்போது அவர் கிருலப்பனையில் ஒரு மருந்துக் கடைக்குக் கணக்குப் பார்க்கிறார். பெரிய வேலை இல்லை. மத்தியானத்துக்கு முதல் போய் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடுவார். அதை அவருக்கு ஒருவரும் தேடிப் பிடித்துக் கொடுக்கவில்லை. மருந்து வாங்கப் போன இடத்தில், பற்றுச்சீட்டில் கூட்டல் பிழையாக இருக்கிறது என்று சொல்லப்போய்க் கதை வளர்ந்து அப்படியே வந்ததாம். நான் கதவைத் திறக்கும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் களைப்பாகத்தான் இருக்கிறது.

விண்கப்பல் இன்னும் ஓடுகிறது. துறைமுகத்து உப்புக் காற்று அதையும் விடவில்லை. வழி பார்க்கிற மேசையின் திரை போய்விட்டது. அந்த இடத்தில் நட்சத்திர வரைபடத்தைக் காகிதத்தில் வரைந்து ஒட்டியிருக்கிறோம்; பிள்ளைகள் அதில் விரல் வைத்து வழி சொல்லுகிறார்கள். அந்த ஆறு பேரும் ஐந்தாம் வகுப்புக்குப் போய், வினாத்தாள்களுக்குள் அமிழ்ந்து, பரீட்சை எழுதி முடித்தார்கள். கப்டன் பாஸ். மற்றவர்களில் சிலர் பாஸ், சிலர் இல்லை. எனக்கு மறுபடியும் நாலாம் வகுப்பு தந்திருக்கிறார்கள். இம்முறை பிள்ளைகளின் தொகை இன்னும் கூட. வருகிற திங்கட்கிழமை அவர்களுக்கு முதல் பயணம். கேபிள் ஒன்று மாற்ற வேண்டும் என்று அதிபருக்குச் சொல்லியிருக்கிறேன். மாற்றுவார்களோ தெரியாது.